தண்ணீர் வந்தால் வானொலி பேச வேண்டும்!

2023-ம் ஆண்டு டிசம்பர் 4-ந்தேதி. திங்கட்கிழமை.

"மிக்ஜாம்" புயல் சென்னைக் கடலோரத்தில் நின்று நிதானமாக நகர்ந்து கொண்டிருந்தது. முதல்நாள் ராத்திரி பிடித்த மழை விடவே இல்லை. விமான நிலையத்தின் ஓடுபாதையில் தண்ணீர். மின்சார ரெயில் கிடையாது. வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் பக்கமெல்லாம் தெருவில் நின்ற தண்ணீர் வீட்டுக்குள் வந்தது.

கரண்ட் போயிற்று. அதோடு டி.வி. போயிற்று. கொஞ்ச நேரத்தில் செல்போனில் சார்ஜ் போயிற்று. சார்ஜ் வைத்திருந்த புண்ணியவான்களுக்கு டவர் கிடைக்கவில்லை.

மொட்டை மாடியில் குடை பிடித்து நின்றவர்கள் பக்கத்து மாடிக்காரரைப் பார்த்துக் கேட்டார்கள்:

"என்னங்க, ஏரியைத் திறந்துட்டாங்களா? இன்னும் ஏறுமா?"

"படகு வருதாமே, எந்தத் தெரு வரைக்கும் வரும்?"

"குழந்தைக்குப் பால் எங்கேயாவது கிடைக்குமா?"

பக்கத்து மாடிக்காரருக்கு என்ன தெரியும்? அவரும் இதே கேள்வியோடு அடுத்த மாடியைத்தான் பார்த்துக் கொண்டிருந்தார்!

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடிய சாதனம் ஒன்று உண்டு. அதற்கு டவர் வேண்டாம், இணையம் வேண்டாம், வீட்டில் கரண்ட் வேண்டாம். இரண்டு பேட்டரி போதும். அதுதான் வானொலி.

சென்னை வாசியின் தலைக்கு மேலே வானொலி அலைகளுக்குப் பஞ்சமில்லை. பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் குறைவில்லை. அந்த அலைகளில் நம் தெருவைப் பற்றிய சேதி வர வேண்டும் என்பதுதான் நம் கேள்வி.

மாநகராட்சியே நடத்திய வானொலி!

வானொலி இந்த ஊருக்குப் புதிதல்ல. இந்தியாவில் வானொலிக்கு வழிகாட்டிய ஊர்களில் சென்னையும் ஒன்று.

1924-ல் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி என்பவர் முயற்சியில் சென்னை மாகாண வானொலிச் சங்கம் தொடங்கியது. அந்த ஆண்டு ஜூலை 31-ந்தேதி முதல் ஒலிபரப்பு நடந்தது. அரசாங்கம் வானொலிப் பக்கம் வருவதற்கு முன்பே, ஆர்வம் உள்ள சில பேர் கூடிச் செய்த காரியம் அது. கைக்காசு எத்தனை நாள் தாங்கும்? 1927-ல் பணமில்லாமல் சங்கம் நின்றுபோனது.

சங்கத்தின் ஒலிபரப்புக் கருவியை வாங்கிக் கொண்டது யார் தெரியுமா? சென்னை மாநகராட்சி!

1930 முதல் மாநகராட்சியே வானொலி நடத்தியது. மாலையில் சங்கீதம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம். வீட்டில் வானொலிப் பெட்டி வாங்க வசதி இல்லாத ஜனங்களுக்காகக் கடற்கரையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். வேலை முடிந்து வந்தவன் மணலில் உட்கார்ந்து காசு கொடுக்காமல் கேட்டான்.

1938-ம் ஆண்டு ஜூன் 16-ந்தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூரில் திறக்கப்பட்டது. மாநகராட்சி தன் கடையைக் கட்டிக்கொண்டது.

இதை ஏன் சொல்கிறோம்? ஊருக்குச் சேதி சொல்வது மாநகராட்சியின் வேலை என்று 90 ஆண்டுகளுக்கு முன்பே நம் மாநகராட்சி நினைத்தது. அந்த நினைப்பு இன்றைக்கும் வர வேண்டும். அதற்காகத்தான்.

416.7 மீட்டரிலிருந்து 98.3 வரை

பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். மத்திய அலையில் 416.7 மீட்டர், அதாவது 720 கிலோ ஹெர்ட்ஸ் என்றால் சென்னை. அந்த இடத்தில் முள்ளை நிறுத்திவிட்டு ஊரே காரியம் பார்த்தது. பெட்டி வைத்திருக்கத் தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்கிய காலமும் இருந்தது.

1977-ம் ஆண்டு ஜூலை 23-ந்தேதி இன்னொரு புதுமை. இந்தியாவிலேயே முதன்முதலாகப் பண்பலை ஒலிபரப்பு தொடங்கிய ஊர் சென்னை. "எப்.எம்." என்று இன்று ஆட்டோவில் அலறுகிறதே, அதற்குப் பிள்ளையார்சுழி இங்கேதான் போடப்பட்டது.

மத்திய அலைக்கும் பண்பலைக்கும் என்ன வித்தியாசம்?

மத்திய அலை தரையைத் தழுவிக்கொண்டு நெடுந்தூரம் போகும். ஒரு பெரிய நிலையம் பல மாவட்டங்களுக்குக் கேட்கும். ஆனால் இடி இடித்தால் கரகரக்கும். பண்பலை வெளிச்சம் மாதிரி. நேராகப் போகும். கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம். ஊரும் ஊரைச் சுற்றியுள்ள புறநகரும், அவ்வளவுதான் அதன் எல்லை. ஆனால் மழையிலும் இடியிலும் தெளிவாகக் கேட்கும்.

கவனித்தீர்களா? ஓர் ஊருக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அமைந்தது பண்பலை. வேளச்சேரியில் தண்ணீர் என்பதை மதுரைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேளச்சேரிக்காரருக்கும், அவர் மகன் வேலை பார்க்கும் அம்பத்தூருக்கும் தெரிந்தால் போதும். அதற்குப் பண்பலையை விடப் பொருத்தமான வழி கிடையாது.

2003-ல் தனியார் வந்தார்கள். சூரியன் 93.5. மிர்ச்சி 98.3. அதன் பிறகு வரிசையாக மற்றவர்கள். பெட்டியில் முள்ளைத் திருப்பினால் 91.1, 91.9, 92.7, 93.5, 94.3 என்று ஏணிப்படி மாதிரி எண்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள். சரியாக 0.8 வரும். ஒரு நிலையம் இன்னொன்றின் காலை மிதிக்காமல் இருக்க டெல்லியில் போட்ட இடைவெளி அது.

88-லிருந்து 108 வரைதான் இந்தத் தெரு. தெருவில் இத்தனை வீடுதான் கட்ட முடியும். அதனால்தான் அலைவரிசைக்கு ஏலம், கட்டணம், 15 ஆண்டு அனுமதி எல்லாம்.

அந்தத் தெரு யாருடையது? 1995-ம் ஆண்டு பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வான் அலைகள் பொதுமக்களின் சொத்து. அரசாங்கத்துக்கும் சொந்தமில்லை, ஏலம் எடுத்தவருக்கும் சொந்தமில்லை. அவர்கள் குடியிருப்பவர்கள். வீட்டுக்காரர் நாம்!

வீட்டுக்காரர் வெள்ளத்தில் நிற்கும்போது குடியிருப்பவர் பாட்டுப் போட்டுக்கொண்டு இருக்கலாமா?

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பண்பலை நிலையத்தாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

பத்திரிகை நடத்தலாம், செய்தி போடலாம். டி.வி. நடத்தலாம், 24 மணி நேரமும் செய்தி போடலாம். ஆனால் தனியார் வானொலி தானாகச் செய்தி சொல்ல விதி இடம் கொடுக்கவில்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம் என்பது மட்டும் அனுமதி. டெல்லிச் செய்தியை வைத்துக்கொண்டு மடிப்பாக்கத்துக்காரர் என்ன செய்வார்?

இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்லி, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான "டிராய்" 2023 செப்டம்பரில் பரிந்துரை செய்தது. மணிக்கு 10 நிமிடம் தனியார் பண்பலைகள் செய்தியும் நாட்டு நடப்பும் சொல்லலாம் என்றது. பரிந்துரை செய்வது டிராய் வேலை. உத்தரவு போடுவது மத்திய அரசின் வேலை.

"தனியாரிடம் செய்தியைக் கொடுத்தால் வதந்தி பரவும்" என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். 2015 வெள்ளத்தின்போது முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி ஊருக்குள் வந்துவிட்டன என்று ஒரு புரளி பறந்தது. பண்ணைக்காரர்களே மறுக்க வேண்டியதாயிற்று. அந்தப் புரளி போன செல்போனுக்கு விதியும் இல்லை, லைசென்சும் இல்லை. பெயரும் விலாசமும் உள்ள வானொலி நிலையம் பொய் சொன்னால் கேட்பதற்கு ஆள் உண்டு, அனுமதியைப் பறிப்பதற்குச் சட்டம் உண்டு. சரியான சேதி இல்லாத இடத்தில்தான் வதந்தி குடியேறுகிறது.

சரி, டெல்லி உத்தரவு வரும் வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை! இதைத்தான் வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

2011-ல் மத்திய அரசு வெளியிட்ட பண்பலைக் கொள்கையிலேயே ஒரு கதவு திறந்திருக்கிறது. போக்குவரத்து, வானிலை, கரண்ட், குடிதண்ணீர், இயற்கைச் சீற்றம், நோய் எச்சரிக்கை ஆகியவற்றைப் பற்றி உள்ளூர் நிர்வாகம் கொடுக்கும் அறிவிப்புகளைச் சொல்வது "செய்தி" கணக்கில் வராது. தாராளமாகச் சொல்லலாம்.

அதாவது, மாநகராட்சி எழுதிக் கொடுத்தால் போதும். அத்தனை பண்பலைகளும் படிக்கலாம். சட்டம் தடுக்கவில்லை.

ஆக, பந்து டெல்லியில் மட்டும் இல்லை. ரிப்பன் மாளிகையிலும் இருக்கிறது!

அரை மணிக்கு ஒரு தடவை

மாநகராட்சியிடம் தகவல் இல்லையா? நிறைய இருக்கிறது.

ரிப்பன் மாளிகையில் கட்டுப்பாட்டு மையம் இருக்கிறது. 1913 என்ற எண்ணில் இரவு பகலாகப் புகார் வருகிறது. 200 வட்டங்களிலும் ஆட்கள் இருக்கிறார்கள். துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீரா, அரங்கநாதன் சுரங்கப்பாதை மூடியாயிற்றா, எந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம், எங்கே சாப்பாடு, எங்கே படகு எல்லாம் அங்கே தெரியும்.

தெரிந்த சேதி போகும் இடம்தான் கோளாறு. அது இணையத்தில் போடப்படுகிறது. கரண்டும் டவரும் உள்ளவர்கள் படிக்கிறார்கள். கழுத்தளவு தண்ணீரில் நிற்பவனுக்கு அது போய்ச் சேருவதில்லை. யாருக்கு வேண்டுமோ அவனைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிகிறது!

நாம் கேட்பது பெரிய திட்டம் இல்லை. கோடிக்கணக்கில் செலவும் இல்லை.

சிவப்பு எச்சரிக்கை விட்ட நாட்களில், மாநகராட்சி அரை மணிக்கு ஒரு தடவை ஒரு பக்க அறிவிப்பு தயார் செய்யட்டும். எந்தச் சுரங்கப்பாதை மூடல், எந்தப் பஸ் எந்த வழி, ரெயில் உண்டா இல்லையா, எந்த ஏரியில் எத்தனை கன அடி திறப்பு, அந்தத் தண்ணீர் எந்தெந்தத் தெருவுக்கு வரும், முகாம் எங்கே, பால் எங்கே. அது ஒரே நேரத்தில் ஊரில் உள்ள எல்லா வானொலி நிலையங்களுக்கும் போகட்டும்.

"விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி" என்று மட்டும் சொன்னால் ஜனங்களுக்குப் புரியாது. "ஆற்றோரம் இந்தத் தெருக்காரர்கள் இத்தனை மணிக்குள் கிளம்புங்கள்" என்று சொன்னால் பாட்டிக்கும் புரியும்.

நிலையத்தார் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு மணிக்கும், ஒவ்வொரு அரை மணிக்கும் 5 நிமிடம் ஒதுக்க வேண்டும். எல்லா அலைவரிசையிலும் ஒரே நேரம். அப்போது பேட்டரியை மிச்சம் பிடிக்கிறவன் அந்த 5 நிமிடம் மட்டும் பெட்டியைத் திறந்தால் போதும். நள்ளிரவில் பாட்டை மட்டும் ஓடவிடாமல், பேசுவதற்கு ஓர் ஆளை உட்கார வைக்க வேண்டும்.

அவர்களால் முடியாது என்று நாம் நினைக்கவில்லை. 2015 டிசம்பரில் செய்து காட்டியவர்கள்தானே! பாட்டை ஓரம் கட்டிவிட்டு, உதவி கேட்டவர்களையும் உதவி செய்ய வந்தவர்களையும் பண்பலைகள் சேர்த்து வைத்தன. அன்றைக்கு அது அவரவர் மனசாட்சிப்படி நடந்தது. அதை ஏற்பாடாக ஆக்க வேண்டும். மனசாட்சியை மட்டும் நம்பி ஒரு கோடிப் பேர் உயிரை விடக்கூடாது.

நம் தொழிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். 2015 டிசம்பர் 2-ந்தேதி, 1878-ல் தொடங்கிய "தி இந்து" பத்திரிகையே சென்னையில் அச்சாகவில்லை. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச்சேர முடியவில்லை. அச்சாகி இருந்தாலும் தண்ணீரில் நிற்கும் வீட்டுக்கு யார் கொண்டுபோய்ப் போடுவது? காகிதம் நனையும். வான் அலை நனையாது.

பூட்டிக் கிடக்கும் பெட்டி

"இந்தக் காலத்தில் யார் சார் ரேடியோ வச்சிருக்காங்க?" என்று ஆபீஸ் நண்பர் கேட்பார். நியாயமான கேள்வி.

பதில் அவர் சட்டைப்பையிலேயே இருக்கலாம். பல செல்போன்களின் உள்ளே இருக்கும் சில்லில் எப்.எம். வாங்கும் வசதி உண்டு. காதில் மாட்டும் ஒயரே அதற்கு ஏரியல். இணையம் வேண்டாம், டவர் வேண்டாம். ஆனால் பல கம்பெனிகள் அதைத் திறந்துவிடாமலே விற்கின்றன. வீட்டில் கிணற்றைத் தோண்டி வைத்துவிட்டு மூடிபோட்டுப் பூட்டின கதைதான்.

2023 ஏப்ரலில் மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் செல்போன் தயாரிப்பாளர்களுக்கு எழுதியது. எப்.எம். வசதியை முடக்காதீர்கள், பேரிடர் காலத்தில் அது தேவை என்றது. நல்ல காரியம். ஆனால் அது அறிவுரை. அறிவுரையைக் கேட்டு எந்தக் கம்பெனி திருந்தும்? வாங்குகிறவன் கேட்டால் திருந்தும். அடுத்த செல்போன் வாங்கும்போது, "கேமரா எத்தனை?" என்று கேட்கும் நாம், "எப்.எம். வேலை செய்யுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டு வைப்போம்.

செல்போனுக்கு நேரடியாக எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடும் இருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் டவரே படுத்துவிட்டால் அது எப்படி வரும்? ஒரு கை போனால் இன்னொரு கை வேண்டாமா?

கல்லூரிகள் நடத்தும் சமுதாய வானொலிகளையும் மறக்கக் கூடாது. 2004 பிப்ரவரி 1-ந்தேதி தொடங்கிய அண்ணா பல்கலைக்கழகத்தின் 90.4, கல்லூரி வளாகத்திலிருந்து நடந்த சமுதாய வானொலிகளில் இந்தியாவிலேயே முன்னோடி. இவற்றின் சக்தி குறைவு. சில கிலோ மீட்டர்தான் கேட்கும். ஆனால் தங்கள் சுற்றுவட்டாரத்துக்குச் சேதி சொல்ல அதுவே லாயக்கு. மாநகராட்சியின் அறிவிப்பு இவர்களுக்கும் போக வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

அரசு செய்யட்டும், கம்பெனி செய்யட்டும் என்று நாம் சும்மா இருந்தால் எப்படி?

ஐப்பசி பிறப்பதற்குள் வீட்டுக்கு ஒரு சின்ன டிரான்சிஸ்டர் வாங்கி வையுங்கள். கூடவே நாலு பேட்டரி, ஈரம் படாத டப்பாவில். பரணில் அப்பா காலத்துப் பெட்டி கிடந்தால் இறக்கித் தூசி தட்டிப் பாருங்கள். பேச ஆரம்பித்தாலும் ஆரம்பிக்கும்.

உங்கள் வீட்டில் எந்தெந்த எண் தெளிவாகக் கேட்கிறது என்று இன்றைக்கே முள்ளைத் திருப்பிப் பார்த்து, காலண்டர் ஓரத்தில் எழுதி வையுங்கள். தண்ணீர் வந்த பிறகு இருட்டில் தேட முடியாது.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் ஒரு ரேடியோ பாடினால் அந்தத் தெருவே கேட்கும். மழை நாளில் அதைக் கொஞ்சம் சத்தமாக வையுங்கள். 1930-ல் மாநகராட்சி கடற்கரையில் வைத்த ஒலிபெருக்கியின் வேலையை உங்கள் கடை செய்யும்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். வானொலியும் ஓர் அணைதான். தண்ணீரைத் தடுக்காது. பயத்தைத் தடுக்கும். வதந்தியைத் தடுக்கும். மூடிய சுரங்கப்பாதையை நோக்கிப் போகும் பஸ்சைத் தடுக்கும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கப் போகும் ஒரு மனிதனைத் தடுக்கும்.

வான் அலை நம்முடையது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. சொல்லலாம் என்று விதி சொல்லிவிட்டது. சேதி ரிப்பன் மாளிகையில் இருக்கிறது. கோபுரங்கள் நிற்கின்றன. இவற்றைக் கோத்து முடிச்சுப் போட ஓர் அதிகாரியும் ஒரு உத்தரவும் போதும்.

அடுத்த பெருமழைக்கு முன்னால் அந்த முடிச்சைப் போடுவார்களா?

மொட்டை மாடியில் நின்று பக்கத்து மாடிக்காரரைக் கேட்கும் நிலைமை இன்னொரு தடவை வரக்கூடாது.